விரத நாளில் எடுத்த ரத்தம்

முன்னோட்ட ஆய்வு என்றால் என்ன என்று வருடத்துக்கு இரண்டு முறை பல்கலைக்கழகத்தில் நான் பாடம் எடுக்கிறேன். பெரிய ஆய்வைத் தொடங்குமுன் சின்னதாக ஒன்று செய்து பார்ப்பது. கேள்வித்தாள் மக்களுக்குப் புரிகிறதா, கருவி ஒழுங்காக வேலை செய்கிறதா, ஆட்கள் வருகிறார்களா என்று சோதிப்பது. தப்பு இருந்தால் அங்கேயே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வது. மாணவர்கள் பயபக்தியோடு எழுதிக்கொள்வார்கள். நானும் ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன். தப்பைக் கண்டுபிடிப்பது பெரிய கஷ்டமில்லை, கண்டுபிடித்தவர் வாயைத் திறக்க வேண்டும், அதற்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் அத்தியாயம் கிடையாது என்பதை மட்டும் சொல்லமாட்டேன். சொன்னால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. முதுகலை முடித்துவிட்டு ஆய்வு உதவியாளராக ஒப்பந்த வேலையில் இருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் முடியும், புதுப்பிப்பார்களா என்று கடைசி வாரம் வரை தெரியாது. அப்படி நான்கு வருடம் ஓட்டியவளுக்கு ஒரு சிரிப்பு வந்துவிடும். யார் என்ன சொன்னாலும் முதலில் அந்தச் சிரிப்புதான் வரும். எனக்கும் வந்திருந்தது.

ஜெலுத்தோங்கில் அண்ணன் வீட்டில் இருந்தேன். ஏழாவது மாடி, மூன்று அறை, அதில் சின்ன அறை எனக்கு. அண்ணன் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், பாயான் பாரு பக்கம் தொழிற்பேட்டையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அண்ணிக்கு ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமையல் வேலை. பிள்ளைகள் இருவரும் கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். முப்பத்து நான்கு வயதிலும் அண்ணனுக்கு நான் பாப்பா. அலுவலகத்துக்குப் போன் செய்தாலும் ‘பாப்பா இருக்குங்களா’ என்றுதான் கேட்பார், யார் எடுத்தாலும்.

அண்ணனுக்கு இனிப்பு நீர். நீரிழிவை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம், ஏதோ கடையில் விற்கிற பானம் மாதிரி. ஆறு வருடமாக மாத்திரை. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரைக்குக் குறை இல்லை, டாக்டர்களும் நல்லவர்கள்தான். ஆனால் காலையில் போய் எண் எடுத்து உட்கார்ந்தால் பாதி நாள் போய்விடும். பாதி நாள் போனால் தொழிற்சாலையில் அந்த மாதத்து வருகைப் படி போய்விடும். ரத்தம் எடுக்க ஒரு நாள், முடிவு பார்க்க இன்னொரு நாள், கண்ணுக்குத் தனியாக ஒரு நாள், காலுக்குத் தனியாக ஒரு நாள். கண், கால் இரண்டையும் அண்ணன் ஒரு தடவைகூடப் போய்க் காட்டியதில்லை. மாத்திரைக்கு மட்டும் அண்ணி திட்டித் திட்டி அனுப்புவார்.

நான் வேலை செய்த ஆய்வு இதைப் பற்றித்தான். தொழிற்சாலை வேலைக்குப் போகும் நம் குடும்பங்களில் இனிப்பு நீர் ஏன் கட்டுக்குள் வருவதில்லை என்று பார்ப்பது. பெரிய ஆய்வு வந்தால், ஏதாவது ஒரு குடியிருப்புக்கு இரண்டு வருடம் மாதம் ஒரு முறை மருத்துவ வண்டி வரும். தாதி ஒருவர், சில சமயம் டாக்டர். மாலையில் வேலை முடிந்து வரும் நேரத்துக்கே வண்டி நிற்கும். ரத்தம், கண், கால் எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். ஒரே ஒரு குடியிருப்புக்குத்தான் நிதி. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி, அல்லது பாயான் பாருவில் இன்னொன்று. இரண்டு இடத்திலும் முன்னோட்ட ஆய்வு செய்து, கேள்வித்தாளையும் சோதித்துக்கொண்டு, எங்கே தேவை அதிகம் என்று பார்த்து முடிவு செய்வதாகத் திட்டம். மூன்று மாதத்துச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை பெரிய ஆய்வுக்கு. முன்னோட்டத்துக்கு விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தால் போதும் என்றார் ஆய்வை நடத்திய பேராசிரியர்.

இதை வீட்டில் சொன்ன அன்றைக்கே தப்புச் செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அண்ணன் மறுநாளே ஏழு மாடிக்கும் சொல்லிவிட்டார். லிஃப்ட்டில் ஏறுகிறவர்கள் எல்லாரும் வண்டி எப்போது வரும் என்று என்னைக் கேட்டார்கள். அண்ணி மட்டும் தனியாக வந்து, அடுப்படியில் வைத்து, மெதுவாகச் சொன்னார்.

“கீழ இறங்கினா போதும்னா உங்கண்ணன் போவாரு. இல்லன்னா போகவே மாட்டாரு. எப்படியாச்சும் நம்ம பக்கம் வர்ற மாதிரி பாரு.”

பார்க்கிறேன் என்றேன். அப்போது உண்மையாகவே பார்க்கத்தான் நினைத்தேன்.

வருடக் கடைசியில் கூட்டம் நடந்தது. நிதி கொடுத்தவர்கள் அவசரப்படுத்தினார்கள், முன்னோட்டத்தின் முடிவு பிப்ரவரிக்குள் வேண்டும் என்றார்கள். பேராசிரியர் நாட்காட்டியைத் திரையில் போட்டு, ஜெலுத்தோங்கில் ஆண்கள் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று என்னைக் கேட்டார். அதுதான் எல்லா ஆய்வுக்கும் தலைவலி. பெண்கள் கிடைப்பார்கள், ஆண்கள் கிடைக்கமாட்டார்கள். ஓவர்டைம், பீர்க் கடை, பந்து விளையாட்டு என்று எங்காவது இருப்பார்கள்.

எனக்கு உடனே பதில் வந்தது. ஜனவரி என்றேன். தைப்பூசத்துக்கு முன்னால் எல்லாரும் விரதத்தில் இருப்பார்கள். வேலை முடிந்தால் நேரே வீடு, குளியல், பிறகு கீழ்த்தளத்து மண்டபத்தில் பஜனை. மேசையை மண்டபத்து வாசலில் போட்டால் முப்பது பேர் நான்கு நாளில் கிடைத்துவிடுவார்கள். விரதம் என்ற வார்த்தையை நான் அங்கே சொல்லவில்லை. ‘பிரார்த்தனைக்குக் கூடுவார்கள்’ என்று மலாயில் சொன்னேன். பேராசிரியருக்குத் தைப்பூசம் என்றால் ஒரு நாள் பொது விடுமுறை, தெருவில் தேங்காய், சாலை அடைப்பு. அதற்கு முன்னால் நாற்பத்தெட்டு நாள் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவள் நான் ஒருத்திதான் அந்த அறையில் இருந்தேன். உள்ளூர்க்காரர் குழுவில் இருப்பது எவ்வளவு நல்லது பாருங்கள் என்று அவர் மற்றவர்களிடம் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

பாயான் பாருவில் இன்னோர் உதவியாளர் பொறுப்பு. அங்கே மண்டபம் காலியில்லை, தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைக்கும் என்றார். சரி, அது அப்போது நடக்கட்டும் என்று விட்டார்கள்.

முதல் நாள் மாலை ஏழு மணிக்கு மேசை போட்டு உட்கார்ந்தேன். என்னோடு பயிற்சித் தாதி ஒருத்தி. மண்டபத்துக்குள் உறுமி மேளம் பழகிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் குளித்து, மஞ்சள் வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார்கள். முதலில் யாரும் விரலை நீட்டவில்லை. விரதத்தில் ரத்தம் சிந்தலாமா என்று ஒரு பெரியவர் தயங்கினார். அண்ணன்தான் வந்து கிண்டல் செய்தார். கன்னத்தில் அலகு குத்திக்கொள்ளத் தயார், விரலில் ஒரு ஊசிக்கு இவ்வளவு யோசனையா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், வரிசை வந்துவிட்டது. அந்த நான்கு நாளும் மாடி மாடியாக ஏறிக் கதவைத் தட்டி ஆட்களை அழைத்துவந்தது அண்ணன். அவர் இல்லையென்றால் எனக்குப் பத்துப் பேர்கூடக் கிடைத்திருக்கமாட்டார்கள்.

கேள்வித்தாளில் கடந்த ஏழு நாளைப் பற்றித்தான் கேள்விகள். எத்தனை முறை இறைச்சி சாப்பிட்டீர்கள்? இல்லை. மது? இல்லை. சிகரெட்? இல்லை. டின்னில் வரும் இனிப்புப் பானம்? இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை வேளைச் சாப்பாடு? ஒரு வேளை. மூன்றாவதாக வந்து உட்கார்ந்தவர் நான்காவது மாடி மாமா. அவர் ஒருவர் குடிப்பதாலேயே எங்கள் தெருமுனைக் கடையில் பீர் விற்கிறது என்று சொல்வார்கள். அவரும் மது இல்லை, இறைச்சி இல்லை, சிகரெட் இல்லை என்று வரிசையாகச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. சத்தியமாக உண்மை. அந்த ஏழு நாளுக்கு உண்மை.

அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், பிறகுதான் புரிந்தது என்று என்னை நானே ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். இல்லை. மூன்றாவது தாளிலேயே தெரிந்தது. வருடத்தில் பத்தரை மாதம் ஒரு மாதிரி சாப்பிடுகிறவர்களை, ஒன்றரை மாதம் சாமிக்காக வேறு மாதிரி இருக்கும்போது பிடித்து உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முன்னோட்ட ஆய்வு எதற்கு இருக்கிறதோ அது நடந்துவிட்டது. கருவி தப்பு காட்டுகிறது, நிறுத்து, போய்ச் சொல். நான் நான்காவது ஆளைக் கூப்பிட்டேன்.

சாக்குகள் இருந்தன. தாளில் கட்டத்துக்கு வெளியே எதையும் எழுதக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், ‘விரதம்’ என்று எழுதக் கட்டம் இல்லை. முன்னோட்டம் கேள்வித்தாளைச் சோதிக்கத்தானே, எண்களை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். கேள்வித்தாளும் அருமையாக ஓடியது. யாரும் தடுமாறவில்லை, ஒரு கேள்வியும் காலியாக விடப்படவில்லை. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? எல்லாவற்றுக்கும் மேலே, மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. தேதியைச் சொன்னவள் நான். நானே போய் அந்தத் தேதி தப்பு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கோழைத்தனம் என்பதற்கு வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

கடைசி நாள் அண்ணன் உட்கார்ந்தார். எல்லார் முன்னாலும் விரலை நீட்டினார். தாதி எண்ணைப் படித்தாள். ஐந்து புள்ளி எட்டு. இனிப்பு நீர் இல்லாத ஆளின் எண். அண்ணன் மறுபடி படிக்கச் சொன்னார், அவள் கருவியையே திருப்பிக் காட்டினாள். சுற்றி நின்றவர்கள் முருகா என்றார்கள். யாரோ அவர் முதுகில் தட்டினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பல்கலைக்கழக முத்திரை போட்ட சின்ன அட்டையில் எண்ணை எழுதிக் கொடுத்தோம். அண்ணனுடைய அட்டையில் எழுதியது என் கை. வீட்டுக்குப் போனதும் அண்ணி அதை வாங்கிச் சாமி மேடையில் முருகன் படத்துக்குக் கீழே வைத்து, மேலே ஒரு பூவும் வைத்தார்.

தைப்பூசத்தன்று அண்ணன் காவடி எடுத்துத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தார். அதற்கு அடுத்த ஞாயிறு வீட்டில் ஆட்டுப் பிரட்டல். அதற்கடுத்த வாரம் பாயான் பாருவில் முன்னோட்டம் நடந்தது. அங்கேயும் விரதம் இருந்தவர்கள்தான், அங்கேயும் ஆட்டுப் பிரட்டல்தான். வித்தியாசம் இரண்டு வாரம்.

பிப்ரவரிக் கடைசியில் பேராசிரியர் இரண்டு தூண்களைத் திரையில் காட்டினார். பாயான் பாரு உயரம், ஜெலுத்தோங் குட்டை. பாயான் பாருவில் சர்க்கரை அதிகம், குடி அதிகம், புகை அதிகம். ஜெலுத்தோங்கில் எல்லாம் ஒழுங்கு. முன்னோட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது, தேவை எங்கே என்று காட்டிவிட்டது என்று திருப்தியோடு சொன்னார். ஜெலுத்தோங்கில் உள்ளவர்கள் ஏன் இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று தனியாக ஒரு கட்டுரை எழுதலாம் என்றுகூட ஒருவர் யோசனை சொன்னார். நான் என் சிரிப்பைச் சிரித்தேன்.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அவர் அறைக் கதவைத் தட்டினேன். நாங்கள் தரவு எடுத்த சமயம் அவர்கள் விரதத்தில் இருந்தார்கள் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுதாகக் கேட்டார், கெட்ட மனிதர் இல்லை. எத்தனை நாள், என்ன சாப்பிடுவார்கள், மருந்து எடுப்பார்களா என்று கேட்டார். பிறகு, அறிக்கையில் எழுத வேண்டியிருக்கும், தேதியை யார் பரிந்துரைத்தது என்று நினைவிருக்கிறதா என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே மறந்திருந்தது. குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. நான் ‘நான்தான்’ என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கலாம். முன்னோட்டத்தைத் திரும்பச் செய்திருப்பார்களோ என்னவோ. நான் என்ன சொன்னேன் என்று அச்சுப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது.

“கூட்டத்தில் எல்லாருமாகச் சேர்ந்து முடிவு செய்தோம். யோசித்துப் பார்த்தால், பெரிய வித்தியாசம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.”

அவருக்கு நிம்மதி. முகத்திலேயே தெரிந்தது. திரும்பச் செய்வதென்றால் நெறிமுறைக் குழுவிடம் மறுபடி போக வேண்டும், நிதி கொடுத்தவர்களிடம் அவகாசம் கேட்க வேண்டும். வரம்புகள் என்ற பகுதியில் ஒரு வரி சேர்த்துவிடு என்றார். சேர்த்தேன். ‘ஜெலுத்தோங்கில் தரவு பண்டிகைக் காலத்தையொட்டிச் சேகரிக்கப்பட்டது.’ நாற்பத்தெட்டு நாள் பட்டினியை ஐந்து வார்த்தையில் முடித்து வைத்தேன். மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள், இந்த முறை ஒரு வருடத்துக்கு.

வண்டி பாயான் பாருவுக்குப் போகிறது என்று வீட்டில் சொன்னபோது அண்ணி கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே இருந்தார். அண்ணன்தான் ஆறுதல் சொன்னார், எனக்கு. மேலே முடிவு செய்கிற விஷயத்துக்குப் பாப்பா என்ன செய்யும் என்றார். நம் ஆட்களுக்கு நோய் குறைவு என்றால் சந்தோஷம்தானே என்றும் சொன்னார். லிஃப்ட்டில் கேட்டவர்களுக்கும் அதையே அவர் சொல்லி வைத்தார். நமக்கெல்லாம் உடம்பு நல்லா இருக்கு, யுனிவர்சிட்டியே சொல்லிருச்சு என்று.

ஏப்ரலில் ஒரு நாள் அண்ணி என் அறைக்கு வந்து, அண்ணன் மாத்திரை போடுவதில்லை என்று சொன்னார். தைப்பூசத்திலிருந்தே போடவில்லையாம். டப்பாவைத் திறந்து காட்டினார். ஜனவரியில் வாங்கியது அப்படியே இருந்தது.

நான் கூடத்துக்குப் போனேன். அண்ணன் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே மாத்திரைய நிறுத்திட்டீங்க?”

“அதான் இறங்கிருச்சே பாப்பா. நீதானே டெஸ்ட் பண்ணே.” சாமி மேடையைக் காட்டினார். “முருகன் கொடுத்தது, நீ எழுதிக் கொடுத்தது. அப்புறம் எதுக்கு லாஹ் மாத்திரை?”

முருகனும் தங்கச்சியும் சேர்ந்து சொன்னால் எந்த அண்ணன்தான் நம்பமாட்டார். அந்த எண் விரதத்தின் எண், உங்களுடையது இல்லை, ஆட்டுப் பிரட்டல் சாப்பிட்ட மறுநாளே அது போயிருக்கும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்படியென்றால் ஏன் அந்த நேரத்தில் எடுத்தாய், அதனால்தான் வண்டி வரவில்லையா? கேட்டால் ஏழு மாடிக்கும் தெரியும். நான் இப்படிச் சொன்னேன்.

“எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்துங்கண்ணே.”

சரி சரி என்றார். கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்கமாட்டார் என்று தெரிந்துதான் அவ்வளவு மென்மையாகச் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி அண்ணி என்னிடம், நீ சொன்னா கேப்பாருன்னு நினைச்சேன் என்றார். சொன்னேனே அண்ணி என்றேன்.

மே மாதம் பெரிய ஆய்வு தொடங்கியது. மாதா மாதம் வண்டியோடு நானும் பாயான் பாருவுக்குப் போனேன். தாதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் பதிவது என் வேலை. ஒவ்வொருவராக வந்து செருப்பைக் கழற்றிக் காலை ஸ்டூலில் வைப்பார்கள். தாதி விரல்களை விலக்கி விலக்கிப் பார்ப்பார். மெல்லிய நரம்பு போன்ற ஒரு குச்சியால் பாதத்தில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்பார். தெரியவில்லை என்றால்தான் ஆபத்து, வலித்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தார். விரல் இடுக்கில்தான் முதலில் ஆரம்பிக்கும், பார்க்காதவர்களுக்குத் தெரியாது என்றார். எத்தனையோ அந்நியர்களின் காலை நான் பார்த்தேன். நகம் எப்படி, தோல் எப்படி என்று தாளில் குறித்தேன். வீட்டுக்கு வந்தால் அண்ணன் கூடத்தில் காலை நீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். நான் அந்தக் காலைத் தாண்டி என் அறைக்குப் போவேன். பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. பார்த்து, ஏதாவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். என்ன ஒரு ஜென்மம் நான்.

தீபாவளி முடிந்து சில வாரம் இருக்கும். அண்ணி துணி துவைக்கக் காலுறையைத் திருப்பியவர் கத்தாமல் என்னைக் கூப்பிட்டார். உள்பக்கம் பழுப்பும் சிவப்புமாக ஒட்டியிருந்தது. நாற்றம். அண்ணனைக் கூப்பிட்டுக் காலைத் தூக்கச் சொன்னோம். வலது காலில் கடைசி இரண்டு விரலுக்கு நடுவே கறுத்துப் போயிருந்தது. தொழிற்சாலைப் பாதுகாப்பு ஷூவுக்குள் எப்போதோ ஏதோ குத்தியிருக்கிறது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வலிக்கவே இல்லையே என்று எங்களைப் பார்த்து ஆச்சரியமாகச் சொன்னார். நான் தாதியிடம் படித்த பாடம் முழுதும் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்கு நாள் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள், நிற்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை, மறுநாள் காலையில் இரண்டு விரலையும் எடுத்துவிடப் போவதாகச் சொன்னார்கள். இப்போது எடுக்காவிட்டால் பாதமே போய்விடும் என்றார்கள். அண்ணனுடைய கவலை எல்லாம் ஃபோர்க்லிஃப்ட் பெடலைப் பற்றியது. இரண்டு விரல் இல்லாமல் பிரேக் பிடிக்கலாமா என்று பக்கத்துக் கட்டில்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி வெளியே நாற்காலியில் முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் எல்லாவற்றையும் மறுபடி எழுத இளம் டாக்டர் ஒருத்தி வந்தாள். தமிழ்ப் பெண், அண்ணன் பிள்ளைகளைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். கையில் பலகை, அதில் கட்டம் கட்டமாகத் தாள். எத்தனை வருடமாக நோய், என்ன வேலை, புகை உண்டா என்று வேகமாகக் கேட்டு எழுதினாள். மாத்திரையில் வந்து நின்றாள். பத்து மாதமாகக் கிளினிக்கில் மாத்திரை வாங்கவில்லை என்று அவளுடைய கணினியில் இருந்தது.

“யாரு சொல்லி நிறுத்துனீங்க அங்கிள்? எங்கயாச்சும் டெஸ்ட் எடுத்து நார்மல்னு சொன்னாங்களா? அப்படி நிறைய பேரு நிறுத்திடறாங்க, அதான் கேக்கறேன்.”

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான் பார்த்தார். திட்டுகிற பார்வை இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் ஏதாவது உடைத்துவிட்டு நின்றால் வாத்தியார் முன்னால் என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அவருக்கு எப்போது தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாராவது சொன்னார்களா, தானாகவே கணக்குப் போட்டுப் பார்த்தாரா, நான் அவர் காலைத் தாண்டிப் போன விதத்திலேயே புரிந்துகொண்டாரா தெரியாது.

“யாரும் சொல்லல டாக்டர். எங்கயும் டெஸ்ட் எடுக்கல. நானாத்தான் நிறுத்துனேன். சோம்பேறித்தனம்.”

டாக்டர் என் பக்கம் திரும்பினாள். வீட்டில் இருப்பவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டாள். பேனா தாளுக்கு மேலே அப்படியே நின்றது. அவள் அவசரப்படவில்லை. எனக்கு வேண்டிய நேரம் கொடுத்தாள்.

இல்லை என்றேன்.

நோயாளி தானாகவே மருந்தை நிறுத்திவிட்டார் என்று அவள் எழுதினாள்.